நான்கு கால்களுக்குக் குறையாத உயிர்

மரம் துளைக்கும் வண்டுக்கும் வெப்பமண்டல மரத்தவளைக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி எங்கள் தெருவில் எழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகாலுக்கு. அதற்கு முந்தைய நாள்வரை அந்தக் கேள்வி இல்லாமலே நாங்கள் நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்தோம். வண்டு என்றால் வண்டு. தவளை என்றால் தவளை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு எங்களில் யாரும் படித்திருக்கவில்லை.

தொடங்கிவைத்தது தையற்கார அக்காவின் கூரை. அக்காவின் தையல் கடை ஒரே அறை. நடுவில் குறுக்காக ஒரு மர விட்டம் ஓடுகிறது. அந்த விட்டத்தில் வண்டு விழுந்திருந்தது. மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு அக்கா சாப்பிட உட்கார்ந்தால் தலைக்கு மேலே 'கிர்ர்... கிர்ர்...' என்று யாரோ அப்பளம் மெல்வதுபோலச் சத்தம் வரும். காலையில் கடை திறந்தால், வெட்டி வைத்த கருநீலச் சீருடைத் துணியெல்லாம் மஞ்சள் பொடி. உதறிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோக்க வேண்டும். விட்டமும் நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. மழைக்கு ஏழு வாரம் இருந்தது.

அக்காவின் கொழுந்தன் தச்சர். ஏணி போட்டு ஏறி, உளியின் பின்பக்கத்தால் விட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். இறங்கி வந்து சொன்னார்:

"அண்ணி, உள்ள ஒண்ணுமில்ல. வெளிய மட்டும்தான் மரம். மாத்திடணும்."

"எத்தனை நாள் வேலை?"

"ஒரே நாள். அனுமதி வாங்கத்தான் நாளாகும்."

கட்டடம் அறுபது வருடத்துக்கு மேற்பட்டது. அப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு மரத்தைத் தொடுவதற்கும் மனு கொடுக்க வேண்டும். தச்சர் மனுவை வாங்கிவந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில் நிரப்பினார். அதில் ஒன்பதாவது கேள்வி: 'மேற்படி மரத்தில் உயிரினம் ஏதும் வாழ்கிறதா?' பூமியில் இதுவரை அந்தக் கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்றே எழுதிவந்திருக்கிறார்கள். தச்சர் உண்மை பேசுகிறவர். 'ஆம். சத்தம் போடுகிறது' என்று எழுதிவிட்டார்.

இதுதான் நடந்த தவறு. மற்றதெல்லாம் நடைமுறை.

அது எப்பேர்ப்பட்ட வருடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலிடத்தில் யாரோ ஒருவர் இலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் சிவப்புக் கண் பச்சைத் தவளையின் படம் ஒன்றைப் பார்த்து மனம் உருகியிருந்தார். அடுத்த மாதமே அது 'மரத்தவளை ஆண்டு' ஆயிற்று. மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் பச்சையாயின. சட்டைப்பையில் தவளை தைத்துக் கொடுக்கச் சொல்லி அக்காவிடமே இருபது பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் 'தவளை மூச்சு' பழக ஆரம்பித்தார். கன்னத்தை உப்பவைத்து ஏழு எண்ண வேண்டுமாம். கடைக்கு வந்தவர்கள் பாவம் பல்வலி போல என்று நினைத்து, மாத்திரை வாங்காமலே திரும்பிப் போனார்கள்.

ஆகவே, மனு பழங்கட்டடப் பிரிவுக்குப் போகாமல், மரவாழ் உயிரினங்கள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போயிற்று. அங்கிருந்து ஓர் அலுவலர் வந்தார். அதுதான் மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால்.

நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து, ஏணியில் ஏறி, விட்டத்தருகே பிடித்தார். வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விட்டம், 'கிர்ர்' என்றது. கருவி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது.

"வெப்பமண்டல மரத்தவளை. எழுபத்தொரு சதவீதம்" என்று படித்தார் அலுவலர். அவர் குரல் தழுதழுத்தது.

"சார், அது வண்டு" என்றார் தச்சர்.

"கருவி சொல்லுதே."

"கருவிக்கு வண்டு தெரியுமா சார்?"

"எப்படித் தெரியும்? இது தவளைக் கருவி. நாற்பத்திரண்டு தவளையோட குரல் இதுல இருக்கு. வர்ற சத்தம் எந்தத் தவளைன்னு மட்டும்தான் சொல்லும்."

"தவளையே இல்லைன்னா?"

அலுவலர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குப் பொத்தான் இல்லையே" என்றார்.

அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்து காலால் நாலு மிதி மிதித்தாள். கருவி, 'அகலவாய்த் தவளை, ஆண்' என்றது. டீக்கடை அண்ணன் புகை பிடிக்கிறவர். அடக்கி வைத்திருந்த இருமல் அப்போதுதான் வெடித்தது. கருவி, 'அதே இனம், மூத்தது' என்றது. அண்ணன் முகம் மலர்ந்துபோய், "இன்னொரு தடவை இருமட்டுமா?" என்று கேட்டார்.

"பாத்தீங்களா சார்?" என்றாள் அக்கா.

"பாத்தேம்மா. ரொம்ப வளமான இடம்" என்று எழுதிக்கொண்டார் அலுவலர்.

பிறகு, சத்தம் கேட்டதற்கு அக்கம்பக்கத்தார் சாட்சி வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். "உங்களுக்குச் சத்தம் கேட்டதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கேட்டது, பொய் சொல்ல முடியுமா? கேட்டது என்று சொன்னோம். கையெழுத்துப் போட்டோம். 'மேற்படி தவளையின் குரலை எங்கள் காதால் கேட்டோம்' என்று தாளின் தலையில் அச்சடித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். நானும் போட்டேன். மொழிபெயர்ப்பு வேலை பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஒரு வரியை மூன்று தரம் படிக்காமல் விடாதவன். அன்றைக்குப் பேனா நன்றாக எழுதியது, அவ்வளவுதான். அக்காவும் தச்சரும் மட்டும் போடவில்லை. மொத்தம் பதினோரு கையெழுத்து.

போகும்போது அலுவலர் விட்டத்தில் ஒரு பலகை மாட்டிவிட்டுப் போனார். 'பாதுகாக்கப்பட்ட வாழிடம். இம்மரத்தில் ஆணி அடிப்பது குற்றம்.' பலகையை நான்கு ஆணி அடித்து மாட்டினார்.

*

அடுத்த வாரம் தச்சர் ஒரு தீப்பெட்டியோடு அந்த அலுவலகத்துக்குப் போனார். அக்காவும் கூடப் போனாள். எழுதப் படிக்கத் துணை வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மாடிப்படி ஏறி, 'தவளைகள்' என்று எழுதிய கதவைத் தாண்டினால் பழைய பலகை ஒன்று சுவரில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது: 'பூச்சிகள் பிரிவு'.

"பூச்சிப் பிரிவு எங்க சார் இருக்கு?" என்று கேட்டார் தச்சர்.

"இருந்துச்சு. போன வருஷம் எங்களோட சேத்துட்டாங்க" என்றார் அலுவலர்.

"ஏன்?"

"பூச்சியைத் தவளை சாப்பிடுதில்ல. அதனால உணவுங்கிற தலைப்பில அடங்கிடுது."

தச்சர் தீப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். உள்ளே அரிசி நீளத்தில் ஒரு பழுப்பு வண்டு. அலுவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"உங்க விட்டத்துல இருந்ததா?"

"ஆமா சார். நல்லா பாருங்க. தவளைக்கு நாலு காலு. இதுக்கு எண்ணிப் பாருங்க, ஆறு."

அலுவலர் ஒரு கனமான விதிப் புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்து வாசித்தார். "தவளை எனப்படுவது நான்கு கால்களுக்குக் குறையாத, மரத்தில் வாழ்கிற, குரல் எழுப்புகிற உயிர்." நிமிர்ந்தார். "ஆறுல நாலு இருக்கில்ல?"

"இருக்கு."

"குறையலையே?"

"குறையல சார், கூடுதலா இருக்கு!"

"கூடுதலுக்குத் தடை எதுவும் போடல."

தச்சர் விடவில்லை. "தவளைக்கு உடம்பு ஈரமா இருக்கும். இது காஞ்சு கிடக்கு."

"காலம் அப்படி. என் உடம்பே காஞ்சுதான் கிடக்கு."

"தவளை தண்ணில முட்டை போடும் சார். இது மரத்துக்குள்ள போடுது. அதுலருந்து புழு வந்து, அந்தப் புழுதான் வருஷக்கணக்கா மரத்தைத் தின்னு, கடைசியில வண்டா மாறி ஓட்டை போட்டு வெளிய வருது."

"முதல்ல ஒரு உருவம், அப்புறம் உருமாறி வேற உருவம்?"

"ஆமா."

"தவளையும் அப்படித்தானே? முதல்ல வால், அப்புறம் கால்." அலுவலர் பரிவோடு சொன்னார்: "நீங்க சொல்லச் சொல்ல எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போகுது தம்பி."

அக்கா அதுவரை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், தவளைக்கு முதுகெலும்பு இருக்கும். இதுக்கு இல்லை. முதுகெலும்பு இல்லாததுகூட இங்க நல்லா வேலை பாக்குதுன்னு எனக்கும் தெரியுது. ஆனா என் தலைக்கு மேல தொங்குற மரம் உங்க புத்தகத்தைப் படிச்சதில்லை. விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அலுவலர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, எனக்குத் தெரியாதா? என் வீட்டுக் கட்டில் பூரா இந்தச் சனியன்தான். உக்காந்தா பொடி கொட்டுது. ஆனா இந்த வருஷத்துக்கு எங்க பிரிவுக்குப் பதினெட்டுத் தவளைன்னு இலக்கு. பதினேழு வந்தாச்சு. உங்க விட்டம் பதினெட்டு."

"மத்தப் பதினேழுமாவது தவளைதானா?"

அலுவலர் எழுந்து ஜன்னலை மூடினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "மறுப்பு மனு. உங்க தெருக்காரங்க அஞ்சு பேரு, 'அது தவளைக் குரல் இல்லை'ன்னு கையெழுத்துப் போடட்டும். அன்னைக்கே தடையை எடுத்துடறேன். மேல கேட்டா, மக்கள் மறுத்துட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

ஐந்து கையெழுத்து. தெருவில் தவளைக் குரலைக் கேட்டவர்களே பதினோரு பேர் இருக்கிறோம். நல்ல செய்தி என்று பேசிக்கொண்டே படியிறங்கினோம்.

*

அந்த ஒரு வாரத்தில் தெரு மாறிவிட்டிருந்தது. முனையில் பச்சைப் பலகை: 'மரத்தவளைத் தெரு'. விட்டத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "எங்கே?" என்பார்கள். "மேல" என்பாள் அக்கா. அவர்கள் பொடி விழுவதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு அமைதியா இருக்கு!" என்று கண் மூடி நிற்பார்கள். கண்ணில் பொடி விழுந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்தார்கள்.

அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள்.

டீக்கடை அண்ணன் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "போடறேன் அக்கா, போடாம என்ன? ஆனா இப்பத்தான் வெளியூர்க்காரங்க நாலு பேரு வந்து உக்கார்றாங்க. மழை முடியட்டுமே."

"மழை வந்தா விட்டம் விழுந்துடும்டா."

"அப்ப மழைக்கு முன்னாடி போட்டுடலாம். அவசரம் இல்லல்ல?"

மருந்துக்கடைக்காரர் கன்னம் உப்பியிருந்ததால் பேச முடியவில்லை. ஏழு எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்: "வண்டுன்னே வச்சுக்குவோம். ஆனா ஒரு தவளை நம்ம தெருவைத் தேடி வந்திருக்குன்னு நினைக்கிறதுல ஒரு நிம்மதி இருக்கு பாருங்க. அதை ஏன் கெடுக்கணும்?"

"தேடி வரட்டும் அண்ணே. உங்க கடை விட்டத்துக்கு வரட்டும்."

"என் கடையில கான்கிரீட்" என்றார் அவர் வருத்தத்தோடு.

என்னிடம் வந்தாள். நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். படிவத்தின் வாசகம் அவ்வளவு சரியாக இல்லை, 'குரல் அல்ல' என்பதா, 'குரலாக இருக்க வாய்ப்பில்லை' என்பதா என்று யோசித்து இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். துணி வெட்டுமுன் அளவு எடுக்கிற பார்வை.

"யோசிங்க தம்பி" என்றாள். "தலை உங்களுது இல்லையே, நிதானமாவே யோசிக்கலாம்."

கையெழுத்து ஒன்றுகூட விழவில்லை. விழுந்ததெல்லாம் பொடி. அக்கா மிஷினை நகர்த்த ஆரம்பித்தாள். முதல் வாரம் நடு அறையிலிருந்து மூன்றடி. அடுத்த வாரம் இன்னும் மூன்றடி. நான்காவது வாரம் மிஷின் வாசற்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றது. துணி தெருவில் வழிந்து கிடந்தது. பார்வையாளர்கள் அதைத் தாண்டிக் குதித்துத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிக் குதிப்பது தவளைக்குச் செலுத்தும் மரியாதை என்று யாரோ பரப்பிவிட்டதால், பிறகு துணி இல்லாத நாளிலும் குதித்தார்கள்.

ஆறாவது வாரம், மழை ஒரு வாரம் முந்திக்கொண்டது. வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணி. பார்வையாளர்கள் மழைக்கு ஒதுங்கி டீக்கடையில் இருந்தார்கள். அக்கா வாசற்படியில் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு ஒரு சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம். பிறகு விட்டம், ஓடு, பாதுகாக்கப்பட்ட வாழிடம் என்ற பலகை எல்லாம் சேர்ந்து இறங்கின. அக்காவின் முதுகுக்கும் குவியலுக்கும் நடுவில் ஒரு முழம். அவள் எழுந்திருக்கவில்லை. பித்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

நாங்கள் ஓடினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

*

மறுநாள் அலுவலர் வந்தார். இடிபாட்டுக்குள் இறங்கி, விட்டத்தின் ஒரு துண்டைத் தூக்கினார். அது கையிலேயே பொடிந்தது. பத்துப் பதினைந்து வண்டுகள் அவர் முழங்கையில் ஏறின. அவற்றைப் பொறுமையாகத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"தவளை எங்கே?"

அவரே ஓடுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"செத்திருந்தா உடம்பு இருக்கணும். உடம்பு இல்லை. அப்ப உயிரோட இருக்கு." அவர் எழுதத் தொடங்கினார். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "வாழிடம் இழந்த மேற்படி தவளை, அண்டை வீடுகளுக்கு இடம்பெயர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதன் குரலை அடையாளம் காணத் தெரிந்த பதினோரு பேரின் வீடுகளும் கடைகளும் இன்றுமுதல் பாதுகாக்கப்பட்ட வாழிடங்கள்."

"கான்கிரீட்லயுமா சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கதவு மரம்தானே? இனிமே சாத்தக்கூடாது. அது உள்ள வெளிய போய்வரணும்."

"எனக்குப் பலகைத் தட்டு மாத்தணும்" என்றார் டீக்கடை அண்ணன் பலவீனமாக.

"தொடக்கூடாது. அப்புறம், எல்லார் வீட்டுக் குளியலறையிலயும் ஒரு வாளித் தண்ணி எப்பவும் நிறைஞ்சு இருக்கணும். யாரும் அதுல குளிக்கக்கூடாது."

"அக்கா கடை?" என்று கேட்டேன்.

"அங்க விட்டமே இல்லையே, எதைப் பாதுகாக்கறது?" என்றார் அலுவலர். பலகையை இடிபாட்டிலிருந்து உருவி, ஆணிகளைத் தட்டி நேராக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தச்சர் இரும்பு விட்டத்தோடு வந்து இறங்கினார். தொடுவதற்கு மரம் இல்லாததால் மனுவும் தேவைப்படவில்லை. இரண்டு நாளில் கூரை எழும்பிற்று. மிஷின் நடு அறைக்குத் திரும்பிப் போயிற்று.

எங்களுக்கு அடுத்த பத்து நாளும் கதவு சாத்தாமல், வாளியைத் தொடாமல் கழிந்தது. பதினோராம் நாள் மறுப்பு மனுவோடு எல்லோரும் திரண்டு போனோம். அலுவலர் வாங்கிப் பார்த்தார்.

"முன்னாடி கேட்டுச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்ப கேக்கலைன்னு எழுதறீங்க. அப்ப ரெண்டுல ஒண்ணு. அன்னைக்குப் பொய் சொன்னீங்க, அது குற்றம். இல்லைன்னா உங்க காதுல கோளாறு, அது நோய். எது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நோய் சார்" என்றார் டீக்கடை அண்ணன்.

"அப்ப டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

காது டாக்டரின் முன்னறையில் பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உதவியாளர் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை, கவனமாக இருந்தோம். டாக்டர் புரிந்துகொண்டவர். யார் காதையும் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார்.

தடைகள் நீங்கின. எங்கள் தெருவில் இப்போது பதினோரு பேருக்கு, முறையாக, முத்திரையோடு, காது கேட்காது. சுற்றி நடக்கும் எதைப் பற்றியும் புகார் கொடுக்க எங்களுக்குத் தகுதியில்லை என்று அந்தச் சான்றிதழின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. இந்த முறை நான் மூன்று தரம் படித்தேன்.

போன வாரம் மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினேன். என் புத்தக அலமாரிக்குள்ளிருந்து 'கிர்ர்... கிர்ர்...' என்றது. எழுந்து டீக்கடைக்குப் போனேன். அண்ணன் தன் பலகைத் தட்டில் காதை ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று விலகினார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லையே."

"ஏதாவது கேட்டுச்சா?"

"எனக்கா? எனக்குத்தான் காது கேக்காதே."

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் டீ போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். தட்டிலிருந்து மஞ்சள் பொடி மெல்ல இறங்கி டீயின் மேல் படர்ந்தது. கண்ணைப் பற்றி அந்தச் சான்றிதழில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும், எதற்கு வம்பு என்று இரண்டு பேரும் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டோம்.